வீட்டையே காட்சிக்கூடமாக்குவது எப்படி: யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகச் செய்ய வருபவர்களுக்கு

ஒரு வீட்டை ஒரு கிழமைக்கு ஊருக்குத் திறந்துவிட்டு, அதன் அறைகளையே கலைப்படைப்பாகக் காட்ட விரும்பும் இளம் ஓவியர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது விளக்கைப் பற்றியும் சுவருக்குப் பூசும் வெள்ளையைப் பற்றியும்தான். இரண்டையும் பிறகு பார்க்கலாம். வீட்டுக்காரரோடு இருந்து பேசி, எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்று முடிவுசெய்வதிலிருந்துதான் இந்தப் படைப்பு தொடங்குகிறது. அந்தப் பேச்சு ஒழுங்காக அமைந்துவிட்டால் மீதியெல்லாம் கைவேலை. அது அமையாவிட்டால் எவ்வளவு அழகாகச் செய்தாலும் வீடு உங்களோடு ஒட்டாது.

முன்னோடிகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1972 இல் அமெரிக்காவின் ஹொலிவூட்டில், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பெரிய வீட்டை ஜூடி சிக்காகோ, மிரியம் ஷபீரோ என்ற இரு ஓவியர்களும் அவர்களுடைய மாணவிகளும் தாங்களே பழுதுபார்த்து, குசினி, குளியலறை, துணி அலுமாரி, மாடிப்படி என்று ஒன்றையும் விடாமல் படைப்பாக மாற்றினார்கள். வீட்டுக்குள் பெண்ணைக் கட்டிப்போடும் வாழ்க்கையே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். 1986 இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் யான் ஹூட், ஓவியர்கள் பலரைச் சனங்களின் சொந்த வீடுகளுக்கே அனுப்பிவைத்தார். பார்க்க வந்தவர்கள் தெருத்தெருவாக நடந்து வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 1993 இல் கிழக்கு லண்டனில் ரேச்சல் வைட்ரீட், இடிபடவிருந்த ஒரு வீட்டின் உள்ளே கொங்கிரீட் நிரப்பி, வெளிச்சுவர்களை அகற்றி, அறைகளின் வெற்றிடத்தையே கட்டியாக நிறுத்திக் காட்டினார்.

நமக்கு அருகிலும் ஒன்று உண்டு. 1981 இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004 இல் தா. சனாதனன் ஒரு படைப்பை வைத்தார். ஊர்மக்கள் கொடுத்த அன்றாடப் பொருட்களைப் போத்தல்களில் இட்டு அடுக்கியிருந்தார். வீட்டில் இருந்தவை அங்கே பொது இடத்துக்கு வந்தன. நீங்கள் செய்யப்போவது இதன் மறுபக்கம்: பொதுமக்கள் வீட்டுக்குள் வரப்போகிறார்கள். சுற்றிவளைப்பையும் சோதனையையும் பார்த்த ஊர் இது. முன்பின் தெரியாதவர்கள் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்து அறை அறையாகப் பார்ப்பது என்றால் இங்கே மூத்தவர்களுக்கு வேறு நினைவுகள் வரும். அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

எந்த வீடு

குடும்பம் வாழும் வீடு, வெளிநாட்டில் இருப்பவர்கள் பூட்டிவைத்த வீடு, கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் வீடு என்று மூன்று வகை கிடைக்கும். புதிதாக வருபவர்களின் கண் மூன்றாவதில்தான் விழுகிறது. படத்தில் எடுப்பாக இருக்கும். முதல் முறை அதைத் தொடாதீர்கள். சுவர் எப்போது சரியும் என்று தெரியாது, பற்றைக்குள் கட்டில்லாத கிணறு இருக்கும், பாம்பு இருக்கும். இவற்றைவிடப் பெரிய காரணம், அந்த வீட்டை விட்டு எழும்பிப் போனவர்கள். வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் தங்கள் காணியைக் கண்ணால் பார்க்க முடியாமல் இருந்தவர்களின் வீடுகள் உண்டு. அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் வீடுகள் சோனகதெருப் பக்கம் உண்டு. அந்தச் சுவர்களை உங்கள் படைப்புக்குப் பின்னணித் திரையாக எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. அவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, அவர்களும் சேர்ந்து செய்ய விரும்பினால் செய்யலாம். அது அனுபவம் வந்த பிறகு எடுக்க வேண்டிய பொறுப்பு.

பூட்டிய வீடு என்றால், திறப்பை வைத்திருக்கும் உறவினர் "தாராளமாகச் செய்யுங்கள்" என்பது போதாது. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் உரிமையாளரே எழுத்தில் சொல்ல வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனமாக வந்த வீடு பெண்ணின் சொத்து. பேசுபவர் கணவராக இருப்பார். உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். அவரிடமும் கேளுங்கள். உடன்பிறந்தவர்கள் பங்குக்காரராக இருந்தால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

நாற்சார் வீடுதான் வேண்டும் என்று அலையத் தேவையில்லை. நடுமுற்றத்து வெளிச்சம் அழகுதான், ஆனால் போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீட்டுக்குள்ளும் சொல்ல நிறைய இருக்கிறது. முதல் படைப்புக்குக் குடும்பம் இருக்கும் சிறிய வீடு நல்லது என்பேன். ஏதாவது பிழைத்தால் அன்றைக்கே முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

கதவு கதவாக உடன்பாடு

முதல் நாள் பழமோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு போய் விறாந்தையில் இருந்து பேசுங்கள். உள்ளே பார்க்கலாமா என்று அன்றைக்குக் கேட்காதீர்கள். அவர்களாகக் கூப்பிடும்போது போனால் போதும். வீட்டுத்தலைவர் சரி என்று சொன்னாலும், வீட்டின் மூத்த பெண்மணி வாய் திறக்கும்வரை எதுவும் முடிவாகவில்லை. சனம் வந்தால் கூட்டுவதும் தேத்தண்ணி ஊற்றுவதும் அவர் தலையில்தான் விழும். அந்தச் சுமை அவருக்கு வராதபடி நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இரண்டாம் சந்திப்பில் ஒரு தாளில் வீட்டின் தளப்படத்தைக் கையால் கீறுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை; கதவுகள் எல்லாம் இருந்தால் போதும். வீட்டுக்காரர் கையில் பேனாவைக் கொடுத்து ஒவ்வொரு கதவுக்கும் குறி போடச் சொல்லுங்கள்: திறந்தது, வாசலில் நின்று பார்க்கலாம், மூடியது. யாழ்ப்பாண வீடு இயல்பாகவே இப்படிப் படிப்படியாகத்தான் உள்ளே போகிறது. படலைக்கு எவரும் வரலாம், திண்ணைக்குத் தெரிந்தவர் வரலாம், ஹோலுக்கு விருந்தாளி வரலாம், குசினிக்கு உறவினர், சாமியறைக்கு வீட்டார். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக ஊர் வகுத்து வைத்த வரிசை இது. பார்வையாளர் நடக்கும் பாதையை இந்த வரிசையில் அமைத்தால் அவர்கள் உள்ளே போகப் போகக் குரல் தானாகத் தாழும்.

சாமியறையை மூடியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூடிய கதவில் "உள்ளே வரக்கூடாது" என்று எழுதி ஒட்டவும் வேண்டாம். கதவுக்கு முன் ஒரு கதிரையை வைத்துவிட்டால் புரியும். எல்லாவற்றையும் காட்டிவிடும் வீட்டைவிட, ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கும் வீடே பார்ப்பவரை மரியாதையோடு நடக்க வைக்கிறது.

இன்னும் கேட்க வேண்டியவை: அந்தக் கிழமை யார் எங்கே படுப்பார்கள்? சோதனைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் அதற்கு எந்த மூலை? நடமாட முடியாத தாத்தா இருந்தால் சனம் வரும் நேரத்தில் அவர் எங்கே ஓய்வெடுப்பார்? மலசலகூடத்தை வருபவர்களும் பாவிக்கலாமா? வீட்டு நாய் கடிக்குமா? உறவுக்குள் ஒரு சாவு விழுந்து துடக்கு வந்தால் என்ன செய்வது? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் கட்டாயம் கேளுங்கள். எந்த நாளிலும் எந்தக் காரணமும் சொல்லாமல் "போதும், நிற்பாட்டுங்கள்" என்று சொல்லும் உரிமை வீட்டாருக்கு உண்டு என்பதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். பேசியதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி இரு பிரதி எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம், தண்ணீர், கூட்டித் துடைத்தல் ஆகியவற்றுக்கு ஒரு தொகையும் அதிலே எழுதப்பட வேண்டும்.

அயலையும் மறக்க வேண்டாம். ஒழுங்கைக்குள் இரண்டு மோட்டார் சைக்கிள் நின்றாலே வழி அடைபடும். இரு பக்கத்து வீட்டுக்கும் முன்வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். திறப்புக்கு முதல் நாள் மாலை அவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். கிராம அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஒலிபெருக்கி கட்டுவதானால் பொலிஸ் அனுமதி வேண்டும். நீங்கள் கட்டக்கூடாது என்பதே என் விருப்பம். டிக்கெட் வைப்பதும் வேண்டாம். வைத்தால் கேளிக்கை வரி பற்றிப் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ விசாரிக்க வேண்டி வரும், அதோடு காசு வாங்கிய வீட்டுக்குள் அயலவர் ஏறத் தயங்குவார்கள்.

ஒரு நாள் சும்மா இருங்கள்

ஒன்றையும் செய்யத் தொடங்குமுன் விடியலிலிருந்து இருட்டும் வரை அந்த வீட்டில் இருங்கள். ஒரு சீ.ஆர். கொப்பியில் மணிக்கு மணி எழுதுங்கள். எந்த யன்னல் வெயில் எத்தனை மணிக்கு எந்தச் சுவரில் விழுகிறது, கிணற்றுக் கப்பி எப்போது கிறீச்சிடுகிறது, கோயில் மணி எப்போது கேட்கிறது, பாண்காரரின் முச்சக்கரவண்டி இசையோடு எப்போது ஒழுங்கைக்குள் திரும்புகிறது, எந்தக் கதவு தட்டும், வீட்டார் எந்த இடத்தில் நின்று கதைக்கிறார்கள். திறக்கும் நேரத்தை இந்தக் கொப்பி சொல்லும். பெரும்பாலான வீடுகளுக்குப் பின்னேரம் மூன்றரையிலிருந்து ஆறு வரை பொருந்தும்: சமையல் முடிந்திருக்கும், வெயில் சாய்வாக உள்ளே வரும், ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளும் எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு கேள்வி, நிறையக் கழித்தல்

வீட்டின் முழு வரலாற்றையும் சொல்லப் போகாதீர்கள். ஒரு கேள்வியை எடுங்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது இந்த வீட்டிலிருந்து எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது? அல்லது போரோடு சம்பந்தமே இல்லாத ஒன்று: இந்தக் குசினியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒருவர் குனிந்து நிமிர்கிறார்? இரண்டாவதுபோன்ற கேள்விகள் நம்மிடம் குறைவாக இருக்கின்றன. நம் வீடுகளுக்கு இழப்பைத் தவிர வேறு கதையே இல்லை என்று வெளியார் நினைக்கும்படி நாமும் பழகிவிட்டோம். அதனால் அப்படிப்பட்ட கேள்வியோடு வருபவரைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி கிடைத்தபின், புதிதாக எதையும் உள்ளே கொண்டுவருவதற்கு முன், அதற்குத் தேவையற்றதை அறையிலிருந்து வெளியே எடுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய வீடுகளின் ஹோலில் குடும்பப் படங்கள் கதவு நிலைக்கு மேலே, முன்புறம் சற்றுச் சரிந்தபடி வரிசையாகத் தொங்கும். வீட்டாரின் சம்மதத்தோடு அவற்றைக் கழற்றிப் பாருங்கள். சுற்றியுள்ள நீலப் பூச்சு வெயிலிலும் புகையிலும் வெளுத்திருக்க, சட்டத்துக்குப் பின்னால் இருந்த சதுரம் மட்டும் பூசிய நாளின் அடர்ந்த நீலத்தில் இருக்கும். மேல் விளிம்பில் ஒட்டடைக் கோடு. ஆணியின் கீழே துரு இறங்கிய ஒரு தடம். ஒவ்வொரு சதுரமும் ஒவ்வோர் அளவு. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். கழற்றிய படங்களை எதிரே மேசையில் குப்புற அடுக்கி, அம்மம்மா ஒவ்வொரு சதுரத்தையும் பார்த்து "இதிலே இருந்தவர்..." என்று சொல்வதைப் பதிவுசெய்து மெல்லக் கேட்கவிட்டால் அந்த அறைக்கு வேறொன்றும் தேவையில்லை. வெள்ளை பூசியிருந்தால் இது அத்தனையும் போயிருக்கும். சுவரை முதலில் தொடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

குரல் பதிவு பற்றிச் சில வார்த்தை. சிறிய புளூடூத் ஒலிப்பெட்டியை வெறுமனே மூலையில் வைத்தால் வானொலி கேட்பதுபோல் இருக்கும். அதை ஒரு மண்பானைக்குள் இறக்கிவையுங்கள். ஓசை உருண்டு, ஒரே இடத்திலிருந்து வரும். கேட்பதற்கு ஆள் குனிய வேண்டும். ஒலியளவு, இரண்டு அடிக்கு அப்பால் சொற்கள் தெளிவில்லாதபடி இருந்தால் போதும். பேசியவருக்கு முதலில் முழுவதையும் போட்டுக் காட்டி, அவர் எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுங்கள். அழுகை வந்த இடம் உங்களுக்குப் பெறுமதியாகத் தோன்றும். அதை வைப்பதா எடுப்பதா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

விளக்கக் குறிப்புகளைச் சுருக்கமாகத் தமிழில், பெரிய எழுத்தில் வையுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் கீழே வரட்டும். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வரும் அறுபது வயதுக்காரர் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். வாசகம் நீண்டால் படைப்பில் ஏதோ குறைகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவல் வாங்கும்போது

அயலில் பொருட்கள் சேர்ப்பதானால் ஒவ்வொன்றையும் கொப்பியில் பதியுங்கள்: யார் தந்தது, என்ன பொருள், ஏற்கெனவே உள்ள வெடிப்பு அல்லது உடைவு, திருப்பித் தரும் திகதி. தருபவரின் முன்னாலேயே படம் எடுங்கள். நகை வாங்காதீர்கள். காணி உறுதி, அடையாள அட்டை, காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் இவற்றின் மூலப்பிரதியை ஒருபோதும் வாங்கக்கூடாது. பிரதி எடுத்து, இலக்கங்களையும் முகவரியையும் மறைத்துத்தான் வைக்கலாம். ஒரு தாயிடம் இருக்கும் ஒரே படத்துக்கு நீங்கள் எந்த ஈடும் கொடுக்க முடியாது.

ஆணி, தங்கூசி, மின்சாரம்

பழைய வீடுகளின் சுவர் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். புதிய ஆணி அடித்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு கழன்று விழும். இருக்கிற ஆணிகளையே பாவியுங்கள். மற்றவற்றைக் கூரையின் வளையிலும் கைமரத்திலும் தங்கூசி (நைலோன் நூல்) கட்டித் தொங்கவிடுங்கள். கட்டுமுன் மரத்தைத் தட்டிப் பாருங்கள். கறையான் தின்ற மரம் பொத்தென்று ஒலிக்கும். இருபக்க டேப் பூச்சைப் பிய்த்துக்கொண்டு வரும். சிவப்புச் சிமெந்துத் தரையில் டேப்பை ஒட்டிச் சில நாள் வெக்கையில் விட்டால் பசை இறங்கிவிடும். வெண்கட்டியால் கோடு போடுங்கள்.

மின்சாரத்துக்கு வீட்டாருக்குத் தெரிந்த மின்னியலாளரையே கூப்பிட்டு வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டில் 5 அம்பியர் பிளக் ஒன்று ஏறத்தாழ 1,150 வாட்ஸ்தான் தாங்கும். எல்.இ.டி. விளக்குகளுக்கு அது தாராளம், ஆனால் அதே பிளக்கில் யாரோ கேத்தலைச் செருகினால் வயர் சூடேறும். மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடாக இருந்தால் மின்விளக்கையே விட்டுவிட்டுப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். விளக்கு வேண்டுமென்றால் மஞ்சள் சாயலுள்ளது, 2,700 முதல் 3,000 கெல்வின் வரை, வீட்டு விளக்கோடு ஒத்துப்போகும். நீலவெள்ளை வெளிச்சம் ஹோலைக் கடையாக்கிவிடும்.

எந்த மாதம்

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. ஒழுங்கையில் வெள்ளம், காகிதத்தில் பூஞ்சணம். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் முற்றத்தில் எதுவும் நிற்காது, கண்ணாடி அலுமாரிக்குள்ளும் புழுதி போகும். தை நடுவிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் நிறைந்திருப்பார்கள் என்று சிலர் அதைத் தேர்கிறார்கள். கோயிலைச் சுற்றி வீதிகள் மூடப்படும், வீட்டாரும் விரதத்தில் இருப்பார்கள். நல்லூருக்குத் தள்ளி உள்ள ஊர் என்றால் யோசிக்கலாம்.

சனம் வரும்போது

ஒரு நேரத்தில் உள்ளே எத்தனை பேர் என்பதை மிகச் சிறிய அறை முடிவுசெய்யும். அந்த அறையில் ஒருவரையொருவர் இடிக்காமல் நிற்கக்கூடிய எண்ணிக்கைதான் உச்சம். சாதாரண வீட்டுக்கு ஆறு அல்லது எட்டுப் பேர். மற்றவர்கள் திண்ணையிலும் மாமர நிழலிலும் காத்திருக்கட்டும். அங்கே கதிரையும் குடிதண்ணீரும் வையுங்கள். செருப்பை வாசலில் கழற்றச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் கழற்றுவார்கள். ஆனால் இருட்டியபின் தேடுவதற்கு அங்கே ஒரு விளக்கு வேண்டும். பழைய தலைவாசல் பதிவாக இருந்தால் மேல்நிலையில் ஒரு துணியைச் சுற்றுங்கள், தலை தப்பும். கிணற்றுக்கு மூடி அல்லது ஆள், இரண்டில் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். சிறுபிள்ளைகள் தொடுவார்கள் என்று பயந்து எல்லாவற்றையும் உயரத்தில் வைக்காதீர்கள். தொடத்தக்கதாக ஒன்றிரண்டை வைத்துவிட்டால் மற்றவற்றைத் தொட மாட்டார்கள். ஆட்டுக்கல்லைச் சுற்றிப் பார்க்கவிடுங்கள்.

வழிகாட்டியாக நிற்க, மருதனார்மடத்தில் காண்பியக் கலை படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்கலாம், ஆர்வத்தோடு வருவார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவையுங்கள்: வீட்டாரில் யாராவது பேசத் தொடங்கினால் வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட வேண்டும். வீட்டாரைப் பேசச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. படம் எடுப்பதை எந்த அறையில் அனுமதிப்பது என்பதையும் வீட்டாரைக் கேட்டுத் தளப்படத்திலேயே குறித்துவையுங்கள். முகநூலில் ஒரு தடவை ஏறிய படுக்கையறையைத் திருப்பி எடுக்க முடியாது.

கருத்து எழுத இன்னொரு சீ.ஆர். கொப்பியைத் திண்ணையில் வையுங்கள். எழுதக் கூச்சப்படுபவர்கள் அதிகம். அவர்கள் செருப்புப் போடும்போதுதான் மனதில் உள்ளதைச் சொல்வார்கள், ஆகவே வாசலில் நிற்பவர் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

கழற்றுவது

கழற்ற ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். தொடங்குமுன் எடுத்து வைத்த படங்களைப் பார்த்து ஒவ்வொரு பொருளையும் பழைய இடத்தில் வையுங்கள். குடும்பப் படங்கள் தங்கள் பழைய சதுரத்துக்குத்தான் போக வேண்டும். ஏதாவது ஒன்றை அப்படியே விட்டுவிடலாமா என்று வீட்டாரைக் கேளுங்கள், சில வேளை ஆம் என்பார்கள். இரவல் பொருட்களை வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துக் கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள். குரல் பதிவுகளும் படங்களும் அடங்கிய பென்டிரைவ் ஒன்று வீட்டாருக்கு, கருத்துக் கொப்பியின் போட்டோப் பிரதியும் அவர்களுக்கு. மின்கட்டணப் பட்டியல் அடுத்த மாதம்தான் வரும். அது வந்ததும் போய்ப் பார்த்து, எழுதிக்கொண்ட தொகைக்கு மேலே ஏறியிருந்தால் மிச்சத்தையும் கட்டிவிடுங்கள்.